விடுபட்ட வசனங்கள்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி பழவந்தாங்கலை நெருங்கும்போது பரங்கிமலை கண்ணில் படுகிறது. திருத்தூதர் தோமா தம் குருதியைச் சிந்திய இடமென்று தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் போற்றிவரும் மலை அது. அதன் உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் ஆலயம் எழுப்பினர். 1547இல் பழைய கற்சிலுவை ஒன்று அங்கே கண்டெடுக்கப்பெற்றது. தென்சென்னைப் புறநகரில் வாழும் கத்தோலிக்கருக்குத் தோமா வெளியூர்ப் புனிதர் அல்லர்; அடுத்த வீட்டுக்காரர் போன்றவர். ஆயினும் அவரைப்பற்றி விவிலியம் கூறுவது யாதெனக் கேட்டால், நம்முள் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே: ஐயமுற்றவர், காயங்களைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றவர்.

யோவான் நற்செய்தியைத் தொடக்கமுதல் இறுதிவரை படிப்போர் வேறொரு தோமாவைச் சந்திப்பர். பிற மூன்று நற்செய்திகளும் திருத்தூதர் பணிகள் நூலும் பன்னிருவர் பட்டியலில் அவர் பெயரைக் குறிப்பதோடு நின்றுவிடுகின்றன. யோவானோ நான்கு இடங்களில் அவரை நம்முன் நிறுத்துகிறார். முதலாவது, பதினோராம் அதிகாரம். இலாசர் இறந்துவிட்டார், இயேசு யூதேயாவுக்குத் திரும்ப முடிவு செய்கிறார். அண்மையில்தான் அங்கே அவர்மீது கல்லெறிய முயன்றார்கள் என்று சீடர்கள் அஞ்சித் தடுக்கிறார்கள். அவரோடு சாவதற்கும் அணியமாய் நாமும் புறப்படுவோம் என்று உடன்சீடரைக் கிளப்புகிறவர் தோமாவே (11:16). இரண்டாவது, இறுதி இரவுணவின்போது, போகுமிடமே தெரியாத நமக்கு வழி எப்படித் தெரியும் என்று ஒளிவுமறைவின்றிக் கேட்கிறார் (14:5). தாமே வழி என்று இயேசு கூறியது அந்தக் கேள்விக்குக் கிடைத்த மறுமொழிதான். மூன்றாவது, நாமெல்லாரும் அறிந்த காட்சி (20:24-29). நான்காவது, உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் தோன்றியபோது அங்கிருந்த எழுவருள் தோமாவும் ஒருவர் (21:2).

இந்நான்கையும் வரிசையாகப் படித்தபின் மூன்றாம் காட்சி முன்போல் இருப்பதில்லை. ஆண்டவரோடு சாகத் துணிந்தவர், அவர் இறந்தபின் தாம் மட்டும் உயிரோடு எஞ்சி நிற்கிறார். அப்படிப்பட்டவர் காயங்களைக் காணவேண்டும் என்று கேட்பது, நம்பிக்கையற்ற அறிவாளியின் வீம்பாகத் தோன்றவில்லை. துயரத்தால் நொறுங்கிய ஒருவரின் குரலாகவே ஒலிக்கிறது. மேலும், மற்றச் சீடர் முன்னரே பெற்றுக்கொண்டதற்கு மேலாக அவர் எதையும் கேட்டுவிடவில்லை. தம் கைகளையும் விலாவையும் ஆண்டவர் அவர்களுக்குத் தாமாகவே காட்டியிருந்தார் (20:20).

பிறகு ஏன் நமக்கு ஒரு தோமாவை மட்டுமே தெரிந்திருக்கிறது? காரணம் எளிது. காயங்களைப் பற்றிய காட்சி, பாஸ்கா காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்பெறுகிறது. ஜூலை 3ஆம் நாள் தோமாவின் திருவிழாவிலும் அதுவே நற்செய்தி. இலாசரின் வரலாறோ மூன்று ஆண்டுகள் கொண்ட சுழற்சியில் முதலாம் ஆண்டின் தவக்கால ஐந்தாம் ஞாயிறுக்கு உரியது. அது நீண்ட வாசகம். ஆகவே வாசக நூல் குறுகிய வடிவம் ஒன்றையும் அனுமதிக்கிறது. அந்தக் குறுகிய வடிவம் ஏழாம் வசனத்திலிருந்து நேரே பதினேழாம் வசனத்துக்குச் செல்கிறது. தோமாவின் துணிவு இருப்பதோ பதினாறாம் வசனத்தில்!

வாசக நூலின்மீது குற்றம் சாற்றுவதற்காக இதைக் கூறவில்லை. எந்தத் தொகுப்பும் சிலவற்றை எடுத்துச் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால், இல்லத்தில் விவிலியத்தைக் கையிலெடுக்கும் பொதுநிலையினர் ஒருவர், எப்பகுதியின்மீது தம் கருத்தைச் செலுத்துவது என்று எண்ணிப் பார்க்கும்போது, இந்தப் பதினாறாம் வசனம் அவருக்கு வழிகாட்டக்கூடும். நாம் படிக்கும் பகுதிகளைப் பெரும்பாலும் வேறு யாரோ நமக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எஞ்சியவற்றை நம் விருப்பு வெறுப்பு தேர்ந்தெடுக்கிறது. இவ்விரண்டும் கைவிட்டுச் சென்ற இடத்தில்தான் தனிப் படிப்புக்கு உண்மையான வேலை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கண்ணை மூடித் திறத்தலும் நாட்காட்டி வசனமும்

நம் வீடுகளில் வழங்கும் முறைகளைச் சற்றே ஆராய்வோம். முதலாவது, செபித்துவிட்டுக் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல்பட்ட வசனத்தை இறைவனின் அன்றைய செய்தியாக ஏற்றுக்கொள்ளுதல். இதற்குப் புனித அகுஸ்தினாரைச் சான்று காட்டுவோர் உண்டு. கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், எடுத்துப் படிக்குமாறு ஒலித்த குழந்தைக் குரலைக் கேட்டு நூலைத் திறந்தவர். உரோமையர் மடலின் ஒரு பகுதியால் வாழ்க்கையே மாறியவர். இது மெய்தான். ஆயினும் அவர் அன்று திறந்தது எங்கோ கிடந்த ஏதோ ஒரு நூலையன்று. பவுலின் மடல்களை அவர் ஏற்கெனவே ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஏட்டைத்தான் நண்பர் அலிப்பியுஸ் அருகே வைத்துவிட்டு வந்திருந்தார். பின்னாளில் ஆயராகி யானுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில், உலகக் காரியங்களுக்கு விடைதேடி நற்செய்தி ஏடுகளில் திருவுளச்சீட்டுப் பார்க்கும் வழக்கம் தமக்கு உவப்பானதன்று என்று அவரே தெரிவிக்கிறார். பல நாள் உழுத நிலத்தில் விழுந்த மழைத்துளியைச் சுட்டிக்காட்டி, உழவே வேண்டாம் என்று சொல்லலாகுமோ?

இரண்டாவது, வசனத்தைத் தனியே கழற்றி எடுக்கும் முறை. வாக்குத்தத்த அட்டைகள், சுவர் நாட்காட்டிகள், துயரமா, நோயா, கடனா என்று தலைப்பிட்டு வசனங்களை வரிசைப்படுத்தும் கையேடுகள் யாவும் இவ்வகையின. ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். விவிலிய ஆசிரியர் எவரும் வசன எண் இட்டு எழுதியவரல்லர். இன்று வழங்கும் அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது எனப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்களை 1551இல் இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் தம் பதிப்பில் இட்டார். தேடிப் பார்ப்பதற்காக நட்ட மைல்கற்களை நாம் ஊர்களாகவே கருதிவிட்டோம். தந்தையும் இரு மகன்களும் இடம்பெறும் லூக்கா 15ஆம் அதிகார உவமை இதற்கு நல்ல சான்று. ஊதாரி மைந்தன் என்று பெயரிட்டவுடன் நம் கண் இளையவன்மீது விழுகிறது. அதே அதிகாரத்தின் முதலிரு வசனங்களையும் சேர்த்துப் படித்தால், பாவிகளோடு உணவருந்துகிறாரே என்று முணுமுணுத்த பரிசேயருக்கே அது சொல்லப்பட்டது என்பது தெரியும். வீட்டுக்குள் நுழைய மறுத்து வெளியே நிற்கும் மூத்தவன் அப்போது நம் கண்முன் வருகிறான். ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் நாம் அவனைத் தெரியாததுபோல் கடந்து செல்ல இயலாது.

மூன்றாவது, பிறர் தொகுத்த அன்றாட வாசிப்பு அட்டவணை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பல திருச்சபைகளைச் சேர்ந்தோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம், நாட்காட்டிகளும் கைமாறுகின்றன. அது நல்லுறவின் அடையாளம். ஆயினும் அறுபத்தாறு நூல்களைக் கொண்ட விவிலியத்திலிருந்து தொகுத்த அட்டவணையில், நம் விவிலியத்திலுள்ள எழுபத்து மூன்று நூல்களுள் ஏழு இடம்பெற வாய்ப்பில்லை. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகியவற்றை ஒருமுறைகூடத் திறவாமல் ஆண்டுகள் கழிந்துவிடும். முதிய பெற்றோரைப் பேணுவதைப்பற்றியும் நட்பைப்பற்றியும் சீராக்கைப்போல் நடைமுறையாகப் பேசும் நூல்கள் அரியன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் இந்நூல்கள் இரு ஏற்பாடுகளுக்கும் இடையே தனிப்பகுதியாக அமைந்துள்ளன. பழைய ஏற்பாட்டை முடித்தவர் நேரே மத்தேயுவுக்குத் தாவிவிடாமல் அங்கே சிறிது தங்கவேண்டும்.

தாம்பரத்தில் எழுந்த கேள்வி

விவிலியத்தில் எதை நடுவாகக் கொள்வது என்னும் கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை, அனைத்துலக மறைப்பணி மன்றத்தின் மாநாடு அக்கல்லூரி வளாகத்தில் கூடியது. முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறவிருந்த அம்மாநாடு, அங்கு மூண்ட போரின் காரணமாக இங்கு வந்தது. புராட்டஸ்டாண்டு சபைகள் கூட்டிய மாநாடு அது. கத்தோலிக்கர் அதில் பங்கேற்கவில்லை. எனினும் அங்கு எழுந்த வாதம் நமக்கும் உரியதே.

மாநாட்டுக்கெனத் தடித்த நூலொன்றை எழுதியவர் ஒல்லாந்து நாட்டு ஹென்ட்ரிக் கிரேமர். இவர் விவிலியச் சங்கத்தின் மொழியறிஞராக இந்தோனேசியத் தீவுகளில் உழைத்தவர். விவிலியம் நமக்குப் பிடித்த கருத்துகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் களஞ்சியம் அன்று. இறைவனின் செயலை அறிவித்து, படிப்போரின் முன்முடிவுகளைத் தகர்க்கும் முழுமை அது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். அதற்கு மறுமொழியாக அதே 1938இல் சென்னைச் சிந்தனையாளர் சிலர், இந்தியாவில் கிறித்தவத்தை மீள எண்ணிப் பார்க்கும் கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டனர். அவர்களுள் முதன்மையானோர் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கிய பி. செஞ்சையாவும், வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமாகிய சக்கரைச் செட்டியாரும். பின்னவர் 1941இல் சென்னை மாநகர மேயரானார். கோட்பாடுகளையும் சபை அமைப்புகளையும் கடந்து, இயேசு என்னும் நேரடி உண்மையை இந்திய மனம் தானே எதிர்கொள்ளவேண்டும் என்பது செஞ்சையாவின் வாதம்.

இம்மூவரும் பொதுநிலையினர் என்பதை நம் வாசகர் கருத்தில் கொள்ளவேண்டும். விவிலியத்தில் எதன்மீது கண்ணை ஊன்றுவது என்பதைக் குருத்துவக் கல்லூரிகளுக்கு விட்டுவிடாமல், தம் வாழ்வைப் பொறுத்த கேள்வியாக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இரு தரப்பையும் இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் வலிமையும் குறையும் தென்படுகின்றன. முழுமையைப் பேசிய கிரேமர், அந்த முழுமையைக் கேட்கும் காது எந்த மண்ணில் வளர்ந்தது என்பதற்குப் போதிய இடம் தரவில்லை. உழவர் ஒருவர் விதைப்பவர் உவமையைக் கேட்பதும், அலுவலக ஊழியர் ஒருவர் அதையே கேட்பதும் ஒன்றாகா. செஞ்சையாவின் குரலில் நம் மண்ணின் தாகம் இருக்கிறது. ஆனால் இயேசுவை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று புறப்படுவோர், எந்த இயேசுவை என்னும் வினாவைத் தவிர்க்க முடியாது. சினமுற்றுக் கோவில் வணிகரை விரட்டிய இயேசுவை விட்டு, குழந்தைகளை அணைத்த இயேசுவை மட்டும் எடுத்துக்கொள்வதும் தேர்வுதானே! இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின், 1965 நவம்பர் 18இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏடு, இவ்விரண்டையும் பிரிக்காமல் பேசுகிறது. நூலாசிரியர் வாழ்ந்த காலத்தையும் அவர் கையாண்ட இலக்கிய வகையையும் நோக்கவேண்டும். மறைநூல் முழுவதன் ஒருமைப்பாட்டையும் திருச்சபையின் மரபையும் நோக்கவேண்டும். அனைத்து இறைமக்களும் அடிக்கடி படிக்கவேண்டும். படிப்போடு செபமும் இணையவேண்டும். ஒரு பகுதியைப் படிக்கும்போதே முழுமையை நினைவில் நிறுத்துவது எவ்வாறு என்பதற்கு நற்செய்தியே நமக்கு எடுத்துக்காட்டுத் தருகிறது.

அலகை தேர்ந்தெடுத்த திருப்பாடல்

பாலைநிலத்துச் சோதனைக் காட்சியில் மறைநூலை எடுத்துக்காட்டுவோர் இருவர். கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் அலகை, 91ஆம் திருப்பாடலிலிருந்து இரு வசனங்களைச் சொல்கிறது. சொற்கள் மெய்யானவை, நம் வீட்டுச் சுவர்களில் தொங்குபவையும்கூட. இறைவனின் நிழலில் தங்கி வாழ்வோரின் நம்பிக்கையைப் பாடும் அத்திருப்பாடலிலிருந்து, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்னும் உறுதியை மட்டும் கழற்றி எடுத்து, இறைவனைப் பணிய வைக்கும் கருவியாக்குகிறது அலகை. இயேசு மூன்று முறை மறுமொழி கூறுகிறார். அம்மூன்றும் இணைச்சட்டம் நூலின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் அலைந்த மக்களைப் பற்றிய ஒரே தொடர்ப்பகுதி அது. நாற்பது நாள் பாலைநிலத்தில் இருந்தவர் அந்த ஒரு பகுதிக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒரு தரப்பு வசனத்தைப் பொறுக்குகிறது. மறுதரப்பு ஒரு நூலுக்குள் குடியிருக்கிறது. மூன்றாம் ஆண்டின் தவக்கால முதல் ஞாயிறன்று திருச்சபை இதே 91ஆம் திருப்பாடலை நமக்குப் பதிலுரைப் பாடலாகத் தந்துவிட்டு, அடுத்து அலகை அதைப் பயன்படுத்தும் நற்செய்தியையும் வாசிக்கச் செய்வது கருதத்தக்கது.

இது வெறும் முறையியல் பற்றிய வாதமாக நின்றுவிடுவதில்லை. 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சான்றிதழ்களும் திருமணப் படங்களும் நனைந்து அழிந்தன. வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டை விட்டு மக்கள் படகில் வெளியேறினர். தீங்கு எதுவும் அணுகாது என்னும் வசனத்தை மட்டுமே அறிந்திருப்பவர் அத்தகைய நாளில் என்ன செய்வார்? ஒன்று, தம் நம்பிக்கை போதவில்லை என்று தம்மையே குற்றப்படுத்திக்கொள்வார். அன்றேல், வசனம் பொய்த்தது என்று நூலை மூடிவிடுவார். இரண்டுமே இழப்பு.

அதே நூலில் 88ஆம் திருப்பாடலும் இருக்கிறது. தொடக்கமுதல் முடிவுவரை புலம்பல். பிற புலம்பல் பாடல்களில் வருவதுபோல் இறுதியில் நம்பிக்கை ஒளி தோன்றுவதில்லை. இருளைக் கூறியே முடிகிறது. ஆயினும் அது இறைவனை நோக்கியே பேசுகிறது. ஞாயிறு திருப்பலியில் நம் காதில் விழாத பாடல் அது. யோபு நூலையோ மூன்று ஆண்டுகளின் ஞாயிறுகளில் இருமுறை மட்டுமே கேட்கிறோம். இரண்டுமே மாற்கு ஆண்டில். புலம்பல் நூல் ஞாயிறு வாசகங்களில் இடம்பெறுவதே இல்லை. ஆனால் குருக்களும் துறவியரும் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையில், ஞாயிறு இரவுச் செபத்தில் 91ஆம் திருப்பாடலும் வெள்ளி இரவுச் செபத்தில் 88ஆம் திருப்பாடலும் அமைந்துள்ளன. ஒரே வாரத்துக்குள் இரண்டையும் வைத்திருக்கிறது திருச்சபை. நாமோ ஒன்றை மட்டும் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். நலமாக இருக்கும் நாளிலேயே 88ஆம் திருப்பாடலைப் படித்து வைத்தவருக்கு, வெள்ள நாளில் இறைவனிடம் பேச ஒரு மொழி இருக்கும்.

வாசக நூலின் இடைவெளிகள்

வாசக நூலைப் பற்றி நேர்மையாகச் சில கூறவேண்டும். 1969இல் வெளியான புதிய வாசக அமைப்புக்கு முன், ஆண்டுக்கு ஆண்டு அதே சிறு பகுதிகளே திரும்பத் திரும்ப வாசிக்கப்பெற்றன; பழைய ஏற்பாடு ஞாயிறுகளில் அரிதாகவே ஒலித்தது. இன்று ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியும் வார நாள்களுக்கு ஈராண்டுச் சுழற்சியும் உள்ளன. பொதுநிலையினர் ஒருவர் தாமே வகுத்துக்கொள்ளும் எந்த அட்டவணையைவிடவும் இது விரிவானது. உலகத் திருச்சபையோடு இணைந்து படிக்கும் பேற்றையும் தருவது. எனவே தனிப் படிப்பின் தொடக்கம் இதுவாகவே இருக்கட்டும். ஆனால் முடிவும் இதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மேய்ப்புப்பணிக் காரணங்களுக்காகவும் நீளம் கருதியும் சில வசனங்கள் விடப்பட்டுள்ளன என்பதை வாசக நூலின் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. சான்றாக, வார நாள் வாசகங்களில் விடுதலைப் பயணம் முதல் அதிகாரம் வருகிறது. எபிரேயரின் அடிமை வாழ்வைக் கூறும் பதினான்காம் வசனம் முடிந்ததும் இருபத்திரண்டாம் வசனத்துக்குச் செல்கிறோம். இடையே விடுபட்டோர் சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவப் பெண்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு மன்னன் இட்ட ஆணையை, இறைவனுக்கு அஞ்சி மீறியவர்கள். மன்னனின் பெயரைக்கூடச் சொல்லாத நூல், இவ்விரு பெண்களின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறது. அவ்வாறே உரோமையர் மடலின் இறுதி அதிகாரம் வாசிக்கப்பெறும்போது மூன்றாம் வசனத்தில் தொடங்குகிறோம். கெங்கிரேயாத் திருச்சபையின் திருத்தொண்டராகிய பெயிபா இருப்பது முதலிரு வசனங்களில். அரசு மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியரும், அன்பியக் கூட்டத்துக்கு வீடுவீடாய்ச் சென்று அழைக்கும் தாய்மாரும் நம் பங்குகளில் எத்தனை பேர்! தம்மைப் போன்றோரின் பெயர் திருநூலில் இருப்பதை அவர்கள் அறியவேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விடுபட்டவற்றைத் தேடுவது, குறைகாணும் வேட்டையாகிவிடக் கூடாது. பகைவரைச் சபிக்கும் 58, 83, 109 ஆகிய திருப்பாடல்கள் இன்றைய திருப்புகழ்மாலையில் இடம்பெறவில்லை. அவற்றைச் சினத்தோடு எடுத்து அயலார்மீது ஏவுவதும், அட்டை வசனத்தைப் பொறுக்குவதைப் போன்றதே. விவிலியத்தின் இருண்ட பகுதிகளைப்பற்றித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட ஆண்டவரின் வார்த்தை பற்றிய ஊக்கவுரையில், அவற்றைப் புறக்கணிப்பது தவறு என்றும், இலக்கிய, வரலாற்றுச் சூழலோடும் கிறிஸ்துவின் ஒளியிலும் படிக்கவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். அநீதிக்குள்ளானவர் தம் சினத்தை இறைவனிடம் ஒப்படைக்கும் செபமாக அவற்றைப் படிக்கும்போது, பழிவாங்கும் பொறுப்பு நம் கையிலிருந்து நீங்குகிறது.

நாம் விட்டுவிடும் பகுதிகள் ஒருபுறமிருக்க, திருநூல் தானே மௌனம் காக்கும் இடங்களும் உண்டு. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி இதற்குத் தக்க சான்று. சூசையப்பர் பேசியதாக நற்செய்திகள் ஒரு சொல்லையேனும் பதிவு செய்யவில்லை. அவரையே காப்பியத் தலைவராகக் கொண்டு, மூன்று காண்டங்களில் 3615 செய்யுள்கள் பாடினார் முனிவர். பலரும் கடந்துபோகும் இடத்தில் நெடுங்காலம் தங்கிய மனத்தின் பயன் அது. அதேவேளை, காப்பியம் அந்த மௌனத்தைப் பல மரபுச் செய்திகளாலும் கற்பனையாலும் நிரப்புகிறது. கவிஞருக்கு அது உரிமை. படிப்பவரோ, நற்செய்தியின் மௌனம் எது, கவிஞரின் குரல் எது என்று பிரித்தறியப் பழகவேண்டும். தேம்பாவணியைச் சுவைத்தபின் மத்தேயுவின் முதலிரு அதிகாரங்களுக்குத் திரும்பினால், ஒன்றும் பேசாமல் எழுந்து செயல்படும் அந்த மனிதரின் பெருமை மேலும் தெளிவாகும்.

நம் வீட்டு மேசையில்

காலை ஐந்தரைக்கு எழுந்து, வண்டி பிடித்து, இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு இவையெல்லாம் இயலுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே எளிதில் கைக்கொள்ளத்தக்க சிலவற்றை மட்டும் முன்வைக்கிறோம்.

முதலாவது, அந்தந்த ஆண்டுக்குரிய நற்செய்தியை ஒருமுறையேனும் தொடக்கமுதல் முடிவுவரை படித்தல். எந்த ஆண்டு என்று அறிவது கடினமன்று. ஆண்டு எண்ணை மூன்றால் வகுக்கும்போது மீதி ஒன்றானால் மத்தேயு; இரண்டானால் மாற்கு; மீதியே இல்லையானால் லூக்கா. திருவழிபாட்டு ஆண்டு முந்திய ஆண்டின் திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். மாற்கு நற்செய்தி பதினாறு அதிகாரங்களே கொண்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போய்வரும் நேரத்துக்குள் முழுவதையும் படித்துவிடலாம். தனித்தனியே கேட்ட நிகழ்ச்சிகள் அப்போது ஒரே பயணமாக விரியும்.

இரண்டாவது, ஞாயிறு வாசகத்தின் அதிகார, வசன எண்களைச் சற்று உற்றுநோக்குதல். எண்களுக்கிடையே தாவல் இருந்தால், வீடு திரும்பியதும் விவிலியத்தைத் திறந்து அந்த இடைவெளியைப் படிக்கவேண்டும். சில வேளைகளில் வெறும் பெயர்ப்பட்டியலே இருக்கும். சில வேளைகளில் சிப்ராவும் பூவாவும், சாகத் துணிந்த தோமாவும் அங்கே காத்திருப்பார்கள். இதற்குத் தேவைப்படும் நேரம் ஐந்து மணித்துளிகள்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை நமக்குப் பிடிக்காத நூல் ஒன்றைத் தேர்ந்து முழுவதும் படித்தல். செல்வர்க்கு ஆமோசு கசக்கும். துயரத்தை மறக்க விரும்புவோர்க்கு யோபு கசக்கும். சட்டம் பேசுவோர்க்குக் கலாத்தியர் மடல் கசக்கும். எந்த நூலைத் தள்ளிப்போடுகிறோமோ, அதற்குள் நமக்குரிய சொல் இருக்கக்கூடும் என்று ஐயுறுவது நல்லது.

நான்காவது, படித்ததைத் தனியே வைத்துக்கொள்ளாமை. மேற்கூறிய ஊக்கவுரை, இறைவார்த்தையைத் தன்னலமாக அணுகும் போக்கைக் கண்டித்து, அது நம்மை ஒரே சமூகமாகக் கட்டியெழுப்பவே தரப்பெற்றது என்று கூறுகிறது. அன்பியக் கூட்டங்களில், குறிக்கப்பட்ட வாசகத்தோடு, அந்த வாரம் விடுபட்ட வசனம் எது என்று ஒருவரேனும் கேட்கலாம். விதவைத் தாய் ஒருவர் 88ஆம் திருப்பாடலைப் படித்துவிட்டுச் சொல்லும் ஒரு சொல், விரிவுரை நூல்கள் தராத விளக்கத்தைத் தரக்கூடும். நம் விருப்பம் நமக்கு மறைத்த பகுதியை உடனிருப்பவரின் வாழ்க்கை திறந்து காட்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அந்நாளில் பங்குகளில் விவிலியத்தைப் பவனியாகக் கொண்டுவருகிறோம், மலர் தூவுகிறோம், தூபம் காட்டுகிறோம். பவனி முடிந்தபின் அவரவர் வீட்டு விவிலியத்தின் பக்க ஓரங்களை ஒருமுறை பார்ப்போமாக. விரல்பட்டு அழுக்கேறிய பக்கங்கள் சில. அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்கள் பல. அடுத்து எதைப் படிப்பது என்று அறிய வேறு கையேடு வேண்டியதில்லை. அந்த ஒட்டிய பக்கங்களில் ஒன்றைப் பிரித்து, அந்த நூலின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம்.